ரயில் நிற்காத நிலையங்கள்: வாசகர் கேள்வி பதில்

சுரங்க ரயில் பாதைகளில் மூடப்பட்டும் கட்டுப்படுத்தப்பட்டும் இருக்கும் நிலையங்களைப் பற்றிய கேள்விகள் இம்முறை மிகுதியாக வந்திருப்பதால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே கருத்தைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து ஒரே கேள்வியாக்கியுள்ளோம்.

கேள்வி: வெளிநாட்டுப் பெருநகரம் ஒன்றில் சுரங்க ரயிலில் சென்றபோது, இரண்டு நிலையங்களுக்கு நடுவே சன்னலுக்கு வெளியே ஓடு பதித்த சுவரும் நடைமேடை போன்ற ஒன்றும் கணநேரம் தெரிந்து மறைந்தன. கையிலிருந்த வரைபடத்தில் அந்த இடத்தில் நிலையம் எதுவும் இல்லை. நான் பார்த்தது என்ன?

பதில்: பெரும்பாலும் நீங்கள் பார்த்தது மூடப்பட்ட நிலையமாகவே இருக்கும். இருட்டில் அதை அடையாளம் காணக் கண்ணைவிடக் காது உதவும். குறுகிய சுரங்கத்தில் ஓடும்போது சுவரில் மோதித் திரும்பும் இரைச்சல், நிலையத்தின் அகன்ற குகைக்குள் நுழைந்ததும் சட்டென்று தணிந்து, மறுமுனையில் மீண்டும் உயரும். லண்டனின் டவுன் ஸ்ட்ரீட் போன்ற சில நிலையங்களில் நடைமேடையின் விளிம்பையொட்டிச் சுவர் எழுப்பிவிட்டார்கள். அங்கே வளையம் வளையமாகத் தெரியும் இரும்புச் சுரங்கச் சுவருக்குப் பதிலாகச் சற்று நேரம் செங்கல் சுவர் ஓடுவது மட்டுமே தடயம்.

தரைமேல் உள்ள கட்டடத்தைப் போல அதை ஏன் இடித்துவிடவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். நிலையத்தின் வாசலை மூடலாம். அதன் ஊடே செல்லும் தடத்தை மூட முடியாது. ரயில்கள் அதைக் கடந்துதான் அடுத்த நிலையத்துக்குப் போயாக வேண்டும். தவிர, அங்கிருந்து மேலே செல்லும் செங்குத்துக் கிணறுகள் சுரங்கத்துக்குக் காற்று கொண்டுவரவும், விபத்து நேர்ந்தால் பயணிகளை வெளியேற்றவும், மின்கருவிகளையும் கம்பிகளையும் வைக்கவும் பயன்படுகின்றன. ஆகவே பயணிகளைப் பொறுத்தவரை இறந்துவிட்ட நிலையம், ரயில்வே ஊழியர்களைப் பொறுத்தவரை பணியில்தான் இருக்கிறது. ‘மூடப்பட்டது’ என்ற சொல்லை இந்தத் துறையில் அந்த அளவோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: பூமியைக் குடைந்து பெரும் பொருட்செலவில் கட்டிய நிலையத்தை மூடுவதற்கு அப்படி என்ன காரணம் இருக்க முடியும்? பயணிகள் வராததுதான் காரணமா?

பதில்: பயணிகள் குறைவு என்பது பெரும்பாலும் இரண்டாவது காரணம். முதல் காரணம் ரயிலின் நீளம். சுரங்க ரயில்கள் தொடங்கிய காலத்தில் நான்கைந்து பெட்டிகள் போதுமானவையாக இருந்தன. நடைமேடைகளும் அந்த நீளத்துக்கே கட்டப்பட்டன. கூட்டம் பெருகியபோது ரயிலை நீட்டுவது எளிதாக இருந்தது, ஆனால் பாறைக்குள்ளும் சாலைக்கு அடியிலும் இருக்கும் நடைமேடையை நீட்டுவது எளிதாக இல்லை. தடத்தில் உள்ள நிலையங்களை ஒவ்வொன்றாக நீட்டிக்கொண்டு வரும்போது, எந்த நிலையத்துக்கு அந்தச் செலவு தகும், எதற்குத் தகாது என்ற கணக்கு எழுந்தது.

நியூயார்க்கில் இது மிகத் தெளிவாக நடந்தது. 1904இல் திறக்கப்பட்ட முதல் தடத்தில், விரைவு ரயில்கள் நிற்காத உள்ளூர் ரயில் நிலையங்கள் மிக நெருக்கமாக அமைந்திருந்தன. இரண்டு பக்கத்து நிலையங்களின் நடைமேடைகளை நீட்டி, அவற்றின் புது முனைகளில் புதிய வாசல்களையும் வைத்துவிட்டால், நடுவிலுள்ள நிலையத்துக்கு வேலையே இல்லாமல் போய்விடும். 18வது தெரு நிலையம் 1948இலும், 91வது தெரு நிலையம் 1959இலும், வொர்த் தெரு நிலையம் 1962இலும் மூடப்பட்டதன் பின்னணி இதுதான். அக்கம்பக்கத்து வீடுகள் வளர்ந்து வளர்ந்து நடுவீட்டை விழுங்கியது போன்ற கதை.

இரண்டாவது சிக்கல் வளைவு. ரயில் பெட்டி நேரானது. வளைந்த நடைமேடையை ஒட்டி அது நிற்கும்போது எங்காவது ஓர் இடைவெளி விழுந்தே தீரும். வளைவின் வெளிப்புறத்தில் நடைமேடை இருந்தால் பெட்டியின் நடுப்பகுதி விலகி நிற்கும். உட்புறத்தில் இருந்தால் இரண்டு முனைகளும் விலகி நிற்கும். நியூயார்க்கின் சிட்டி ஹால் நிலையம் அந்த நகரத்துச் சுரங்க ரயிலின் மணிமகுடமாக 1904 அக்டோபர் 27 அன்று திறக்கப்பட்டது. ஓடு வேய்ந்த வளைகூரைகளும் கண்ணாடிச் சாளரங்களும் கொண்ட அந்த நிலையம் முழுவதும், ரயில் வளைந்து வந்த திசைக்கே திரும்பும் ஒரு திரும்பு வளையத்தின் மீது அமைந்திருந்தது. பெட்டிகளின் இரு முனைகளில் மட்டும் கதவுகள் இருந்தவரை பெரிய தொல்லை இல்லை. நடுவிலும் கதவு வைத்த பெட்டிகள் வந்தபோது, அந்த நடுக்கதவுக்கும் நடைமேடைக்கும் இடையே ஆபத்தான இடைவெளி உண்டாயிற்று. நாளொன்றுக்குச் சுமார் 600 பேர் மட்டுமே பயன்படுத்திய நிலையத்துக்காக, அதுவும் நடந்து செல்லும் தூரத்தில் புரூக்ளின் பாலம் நிலையம் இருக்கும்போது, வளைவை நேராக்க யாரும் முன்வரவில்லை. 1945 டிசம்பர் 31ஆம் தேதியுடன் அது மூடப்பட்டது. அந்த வலையமைப்பிலேயே மிக அழகிய நிலையம் என்று பலரும் சொல்லும் ஒன்று முதலில் ஓய்வு பெற்றவற்றுள் ஒன்றாகிப்போனதில் எனக்கு இன்றும் ஒரு வருத்தம் உண்டு. ஆனால் பொறியாளரின் இடத்தில் நின்று பார்த்தால் வேறு முடிவு எடுத்திருக்க முடியாது.

மத்ரித் நகரின் சாம்பெரி நிலையத்தின் கதையும் இதன் மறுபதிப்பு. 1919இல் முதல் தடத்தோடு திறக்கப்பட்ட அதன் நடைமேடையை, மற்ற நிலையங்களைப் போல 60 மீட்டரிலிருந்து 90 மீட்டராக நீட்ட வேண்டியிருந்தது. வளைவில் இருந்ததால் நீட்ட முடியவில்லை. இரு பக்கத்து நிலையங்களும் வெகு அருகில் இருந்தன. 1966 மே மாதத்தில் மூடினார்கள்.

கேள்வி: மின்தூக்கி பழுதானதற்காக ஒரு நிலையத்தையே மூடினார்கள் என்று கேள்விப்பட்டேன். இது நம்பும்படியாக இல்லையே?

பதில்: நம்பலாம். லண்டனின் ஆல்ட்விச் நிலையம் 1907இல் ஸ்ட்ராண்ட் என்ற பெயரில் திறக்கப்பட்டது. ஹோபோர்ன் நிலையத்திலிருந்து பிரியும் குட்டைக் கிளையின் கடைக்கோடி அது. ஒரே ரயில் போவதும் வருவதுமாக இருந்த அந்தக் கிளையில் தொடக்கம் முதலே கூட்டம் இல்லை. 1962 முதல் வார நாள்களில் அலுவலக நெரிசல் வேளைகளில் மட்டுமே ரயில் ஓடியது. 1907இல் பொருத்திய மின்தூக்கிகளையே தொண்ணூறுகள் வரை வைத்திருந்தார்கள். அவற்றை மாற்றச் சுமார் 30 லட்சம் பவுண்டு ஆகும் என்றும், நாளொன்றுக்கு வந்த பயணிகள் சுமார் 450 பேர் என்றும் கணக்கு வந்தபோது, முடிவு தானாக எழுதப்பட்டுவிட்டது. 1994 செப்டம்பர் 30 அன்று கடைசி ரயில் புறப்பட்டது.

ஆழமான நிலையத்தில் மின்தூக்கி என்பது வசதி அன்று, அதுவே வாசல். அதே நகரின் மார்னிங்டன் கிரசென்ட் நிலையமும் மின்தூக்கிகளை மாற்றுவதற்காகத்தான் 1992 அக்டோபரில் ‘தற்காலிகமாக’ மூடப்பட்டது. அது இனித் திறக்கவே திறக்காது என்று பலரும் கைகழுவிய நிலையில், 1998 ஏப்ரலில் திறந்தார்கள். தற்காலிக மூடல் என்ற அறிவிப்பு எப்போதும் நல்லபடி முடிவதில்லை என்பதற்கு சவுத் கென்டிஷ் டவுன் நிலையம் சாட்சி. 1924 ஜூனில் மின் நிலைய ஊழியர்களின் வேலைநிறுத்தத்தால் மூடிய அந்த நிலையத்தை, வேலைநிறுத்தம் முடிந்த பிறகும் திறக்கவில்லை.

கேள்வி: சில நிலையங்களில் வெளியே வரலாம், உள்ளே போக முடியாது என்கிறார்கள். சில ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மூடியிருக்கின்றன. இந்த அரைகுறைத் திறப்புக்கு என்ன பொருள்?

பதில்: இரண்டும் வெவ்வேறு நோய்களுக்கான மருந்துகள். கூட்டம் இல்லாததால் வரும் கட்டுப்பாடு ஒன்று. கூட்டம் தாங்காததால் வரும் கட்டுப்பாடு மற்றொன்று.

முதல் வகைக்கு பாரிஸ் நல்ல எடுத்துக்காட்டு. 1939 செப்டம்பரில் போர் தொடங்கியதும் ஊழியர்கள் படைக்கு அழைக்கப்பட்டார்கள். அந்த நகரத்து மெட்ரோ 85 நிலையங்களை மட்டும் திறந்து வைத்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் மூடியது. போர் முடிந்த பிறகு பெரும்பாலானவை மீண்டும் திறந்தன; ஆர்செனல், குருவா ரூஷ் முதலிய சில திறக்கவே இல்லை. ரென், லியேஷ் என்ற இரண்டு நிலையங்கள் 1968 வரை காத்திருந்தன. திறந்த பிறகும் அவற்றுக்கு முழு வாழ்வு கிடைக்கவில்லை. இரவு எட்டு மணிக்கு மூடப்பட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் திறக்கப்படாமல், பல பத்தாண்டுகள் அரைநேர ஊழியரைப் போலவே இருந்தன. ரென் நிலையத்துக்கு 2004இலும், லியேஷ் நிலையத்துக்கு 2006இலும்தான் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது.

இரண்டாவது வகை, அதாவது ‘வெளியேற மட்டும்’ என்பது, பாதுகாப்புக்கானது. நடைமேடையில் ரயிலுக்காக நிற்பவர்களும் ரயிலிலிருந்து இறங்குபவர்களும் ஒரே இடத்தைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். இறங்கியவர்கள் அகல்வதற்குள் அடுத்த ரயில் வந்துவிட்டால், விளிம்பில் நிற்பவர் தடத்தில் தள்ளப்படும் அபாயம் உண்டு. உள்ளே வருபவர்களை நிறுத்தினால் நடைமேடையில் காத்திருப்பவர்களின் கூட்டம் கரையும். எல்லா நகரும் படிக்கட்டுகளையும் மேல்நோக்கித் திருப்பிவிடவும் முடியும். லண்டனின் கேம்டன் டவுன் நிலையத்தில், அருகிலுள்ள சந்தைக்கு வரும் கூட்டத்தால், ஞாயிறு பிற்பகல்களில் நெடுங்காலம் இந்த முறை இருந்தது. அதுவும் போதாதபோது ரயிலை நிற்காமல் அனுப்பிவிடுவார்கள். உள்ளே இருக்கும் பயணி எரிச்சலடைவார், ஆனால் அந்த முடிவு சரியானது.

பெருவிழாக்களும் பெருந்தொற்றும் இதே கருவியைப் பயன்படுத்தியிருக்கின்றன. 2020 மார்ச்சில் லண்டன், ஊழியர் பற்றாக்குறையையும் தேவையற்ற பயணத்தையும் கருதி 40 நிலையங்கள் வரை மூடுவதாக அறிவித்தது. 2024 ஒலிம்பிக்கின்போது பாரிஸின் கொன்கார்ட் நிலையம் மூடப்பட்டது.

கேள்வி: பெர்லினில் ஒரு நாட்டின் ரயில் இன்னொரு நாட்டின் மூடிய நிலையங்கள் வழியாக ஓடியதாகப் படித்தேன். அது எப்படி நடந்தது?

பதில்: மூடிய நிலையங்களின் வரலாற்றில் இதற்கு இணையான பகுதி வேறு இல்லை. பெர்லினின் சுரங்கப் பாதைகள், நகரம் மேற்கு, கிழக்கு என்று பிரிவதற்கு முன், ஒன்றாக இருந்தபோது தோண்டப்பட்டவை. மேற்கு பெர்லினின் வடபகுதியையும் தென்பகுதியையும் இணைத்த இரண்டு சுரங்க ரயில் தடங்களும், வடக்கு-தெற்காகச் செல்லும் எஸ்-பான் என்ற நகர ரயிலின் சுரங்கமும், நடுவில் கிழக்கு பெர்லினின் அடியில் சென்றன. 1961 ஆகஸ்ட் 13 அன்று எல்லை அடைக்கப்பட்டபோது, அந்தப் பகுதியிலுள்ள நிலையங்களின் வாசல்கள் மூடப்பட்டன, தடங்கள் மூடப்படவில்லை. மேற்கு பெர்லின் நிர்வாகம் கிழக்கு ஜெர்மனிக்குக் கட்டணம் செலுத்தி, அவற்றின் வழியே ரயில்களை இயக்கிக்கொண்டது.

எல்லைக்கு முந்தைய நிலையத்தில், மேற்கு பெர்லினின் கடைசி நிலையம் இது என்ற அறிவிப்பு ஒலிக்கும். பிறகு ரயில் வேகத்தைக் குறைத்து, மங்கிய விளக்கொளியில் ஆயுதம் தாங்கிய காவலர்கள் நிற்கும் வெறும் நடைமேடைகளை ஒவ்வொன்றாகக் கடந்து செல்லும். இன்று எட்டாம் எண்ணில் வழங்கும் தடத்தில் அடுத்தடுத்து ஆறு நிலையங்கள் அப்படி இருந்தன. மேற்கு பெர்லின் மக்கள் அவற்றுக்கு வைத்த பெயர் ‘பேய் நிலையங்கள்’. கிழக்கிலோ, அச்சிட்ட வரைபடங்களில் அந்தத் தடங்களே இல்லை. அலெக்ஸாண்டர் பிளாட்ஸ் நிலையத்தில் கிழக்கு ஜெர்மனியர் தங்கள் ரயிலுக்காகக் காத்திருந்தபோது, அதே நிலையத்தின் மறைக்கப்பட்ட மற்றொரு நடைமேடையை மேற்கின் ரயில் கடந்து சென்றது. அதிர்வு மட்டும் காலுக்கு எட்டியிருக்கும். ஃப்ரீட்ரிஷ்ட்ராஸ ஒன்றுதான் விலக்கு. அங்கே மேற்கின் ரயில்கள் நின்றன, பயணிகள் ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்கு மாறலாம், அனுமதி பெற்றவர்கள் எல்லைச் சோதனையைக் கடந்து மேலே கிழக்கு பெர்லினுக்குள் செல்லலாம்.

பெர்லின் சுவர் திறந்த இரண்டே நாள்களில், 1989 நவம்பர் 11 அன்று, யானோவிட்ஸ்ப்ரூக்க நிலையம் முதலாவதாகத் திறந்தது. இரு தடங்களிலும் மீதியிருந்தவை 1990 ஜூலை முதல் தேதிக்குள் திறந்துவிட்டன. அவற்றுள் ஒன்றான ஃப்ரான்ஸோசிஷ ஷ்ட்ராஸ நிலையத்துக்கு அதன்பின் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. அருகிலேயே இரண்டு தடங்கள் சந்திக்கும் புதிய நிலையம் கட்டப்பட்டதால், 2020 டிசம்பரில் அது மறுபடியும் மூடப்பட்டது. இம்முறை காவலர் யாரும் இல்லை; நியூயார்க்கின் 18வது தெருவுக்கு நேர்ந்த அதே சாதாரணக் காரணம்.

அரசியல் காரணம் பெர்லினோடு நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வட கொரியாவின் தலைநகர் பியோங்யாங்கில், அந்த நாட்டை நிறுவிய கிம் இல் சுங்கின் உடல் வைக்கப்பட்டுள்ள மாளிகைக்கு அருகிலுள்ள குவாங்மியோங் நிலையத்தில் 1995 முதல் ரயில்கள் நிற்பதில்லை.

கேள்வி: கட்டி முடித்த பிறகு ஒரு நாள்கூடத் திறக்காத நிலையங்கள் உண்டா?

பதில்: உண்டு. பாரிஸின் அக்ஸோ நிலையத்துக்கு நடைமேடை இருக்கிறது, தெருவிலிருந்து இறங்கி வர வாசலே கிடையாது. ஸ்டாக்ஹோமின் கிம்லிங்கே நிலையம், அங்கு வரவிருந்த அலுவலகப் பகுதியை நம்பி 1970களில் கட்டப்பட்டது. அலுவலகங்கள் வரவில்லை, நிலையம் கான்கிரீட் கூடாகவே நின்றுவிட்டது. ஒரு நாள்கூடத் திறக்காதது என்று சொல்ல முடியாவிட்டாலும், டொரன்டோவின் பே நிலையத்துக்குக் கீழே உள்ள இன்னொரு நடைமேடையில் 1966இல் ஆறு மாதச் சோதனை ஓட்டத்தின்போது மட்டுமே பயணிகள் ஏறி இறங்கினார்கள்.

எதிர்காலத்துக்காகக் காத்திருக்கச் செய்வது வேறு. சிங்கப்பூரின் வடகிழக்குத் தடம் 2003 ஜூனில் திறந்தபோது, புவாங்கோக், உட்லீ ஆகிய இரு நிலையங்களும் கட்டப்பட்டிருந்தும், சுற்றுப்புறத்தில் போதிய குடியிருப்பு இல்லை என்று பூட்டி வைக்கப்பட்டன. 2005இல் அமைச்சர் ஒருவர் அப்பகுதிக்கு வந்தபோது, புவாங்கோக் நிலையத்தருகே பெருஞ்செலவு வைத்துப் பயன் தராததைக் குறிக்கும் வெள்ளை யானைகளை அட்டையால் செய்து வரிசையாக நிறுத்தி வைத்து மக்கள் தங்கள் மனக்குறையைச் சொன்னார்கள். 2006 ஜனவரியில் அது திறந்தது. உட்லீ 2011 வரை காத்திருந்தது. குடியிருப்பு வந்தபின் ஓடும் ரயில்களுக்கு நடுவே புதிதாக நிலையம் குடைவதைவிட, முன்கூட்டியே கட்டிப் பூட்டி வைப்பது சிக்கனம் என்பது என் கருத்து. பூட்டிய வாசலின் எதிரே குடியிருந்தவரிடம் இதைச் சொல்லும் துணிச்சல் எனக்கு இருந்திருக்காது.

கேள்வி: இந்த நிலையங்களில் ஆவிகள் உலவுவதாகச் சொல்லப்படுவது உண்மையா?

பதில்: 1933இல் மூடப்பட்ட லண்டனின் பிரிட்டிஷ் மியூசியம் நிலையத்தில் எகிப்திய மம்மியின் ஆவி நடமாடுவதாக ஒரு கதை உண்டு. பெயர் அப்படி இருந்தால் கதை வராமல் எப்படி இருக்கும்? கிம்லிங்கேயில் இறந்தவர்கள் மட்டுமே இறங்குவார்கள் என்று ஸ்டாக்ஹோமில் சொல்வழக்கே இருக்கிறது. எலிகள் இருப்பதற்கு மட்டும் நான் உறுதி தருவேன்.

கேள்வி: மூடிய நிலையங்களை இப்போது எதற்குப் பயன்படுத்துகிறார்கள்? நாம் உள்ளே சென்று பார்க்க முடியுமா?

பதில்: போர்க்காலம்தான் அவற்றின் மதிப்பை முதலில் உணர்த்தியது. ஆல்ட்விச் 1940இல் மூடப்பட்டு, குண்டுவீச்சிலிருந்து மக்கள் ஒதுங்கும் புகலிடமாகவும், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் சிற்பங்கள் உள்ளிட்ட செல்வங்களைப் பாதுகாக்கும் கிடங்காகவும் இருந்து, 1946இல் மீண்டும் ரயில் நிலையமாயிற்று. 1932இலேயே மூடப்பட்டிருந்த டவுன் ஸ்ட்ரீட் நிலையத்தில் நாட்டின் ரயில் போக்குவரத்தை நடத்திய குழு அலுவலகம் அமைத்துக்கொண்டது. குண்டுவீச்சு உச்சத்தில் இருந்தபோது பிரதமர் சர்ச்சிலும் அங்கே இரவு தங்கியிருக்கிறார்.

இன்று முதல் வாடிக்கையாளர்கள் திரைப்படக் குழுவினர். ஓடும் நிலையத்தில் படம்பிடிக்க நள்ளிரவில் சில மணி நேரமே கிடைக்கும்; மூடிய நிலையத்தில் அந்த அவசரம் இல்லை. பொதுமக்கள் செல்லவும் முறையான வழிகள் உண்டு. சாம்பெரி 2008 முதல் அருங்காட்சியகமாகத் திறந்திருக்கிறது. ஓடுகளில் எழுதிய பழைய விளம்பரங்கள் சுவரிலேயே இருக்கின்றன. நியூயார்க்கின் போக்குவரத்து அருங்காட்சியகமே புரூக்ளினில் 1946இல் மூடப்பட்ட ஒரு நிலையத்துக்குள்தான் நடக்கிறது. அதன் உறுப்பினர்களுக்கு சிட்டி ஹால் நிலையத்தைச் சுற்றிக் காட்டுகிறார்கள். லண்டனில் ஆல்ட்விச்சுக்கும் டவுன் ஸ்ட்ரீட்டுக்கும் போக்குவரத்து அருங்காட்சியகம் முன்பதிவுடன் அழைத்துச் செல்கிறது.

வேலி தாண்டி நுழைவது பற்றிக் கேட்ட இளைஞருக்கு மட்டும் ஒரு சொல்: மூடிய நிலையத்தின் தடத்தில் மின்சாரம் மூடப்படுவதில்லை. பல பழைய வலையமைப்புகளில் தரையோடு தரையாகச் செல்லும் மின் தண்டவாளத்தில் 600 வோல்ட் அளவில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே ஆள் இருக்கக்கூடும் என்று ரயில் ஓட்டுநர் எதிர்பார்ப்பதுமில்லை.

கேள்வி: ஒருமுறை மூடிய நிலையத்துக்கு மீண்டும் வாழ்வு கிடைத்ததுண்டா?

பதில்: 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் நொறுங்கிய நியூயார்க்கின் கோர்ட்லண்ட் தெரு நிலையம் 17 ஆண்டுகளுக்குப் பின், 2018 செப்டம்பரில் திறந்தது. ஆனால் எனக்குப் பிடித்தது அதற்குச் சற்றுத் தெற்கே உள்ள சவுத் ஃபெரியின் கதை.

அங்கிருந்த 1905ஆம் ஆண்டு நிலையமும் ஒரு திரும்பு வளையத்தின்மீதுதான் இருந்தது. பத்துப் பெட்டி ரயிலில் முன்னால் உள்ள ஐந்து பெட்டிகளுக்கு மட்டுமே நடைமேடை. வளைவின் இடைவெளியை அடைக்க, ரயில் நின்றதும் விளிம்பிலிருந்து நீண்டு வரும் பலகைகள் வைத்திருந்தார்கள். பின்பெட்டியில் ஏறியவர் முன்னால் நடந்து வராவிட்டால் இறங்க முடியாது. இந்தத் தொல்லையை ஒழிக்க, 50 கோடி டாலருக்கும் மேலான செலவில் முழு நீள நடைமேடையுடன் புதிய நிலையம் கட்டி 2009 மார்ச்சில் திறந்தார்கள், பழையது மூடப்பட்டது. 2012 அக்டோபரில் சாண்டி புயல் கொண்டுவந்த கடல் நீர் புதிய நிலையத்தை நிரப்பி, அதன் மின்கருவிகளை அழித்துவிட்டது. சீரமைக்கப் பல ஆண்டுகள் ஆகும் என்று தெரிந்ததும், ஓய்வு கொடுத்து அனுப்பிய பழைய நிலையத்தின் பூட்டைத் திறந்து, பலகைகளைச் சரிபார்த்து, 2013 ஏப்ரலில் பயணிகளை உள்ளே விட்டார்கள். அது நான்கு ஆண்டுகளுக்கு மேல் உழைத்தது. 2017 ஜூனில் புதிய நிலையம் சீரமைக்கப்பட்டுத் திறந்தபோது, பழையதை இரண்டாம் முறையாக மூடினார்கள். தடத்தை மட்டும் அப்படியே வைத்திருக்கிறார்கள்.